சீம்பர் மாதத்துக் கடத்தல்

"சிரிக்கக் கூடாது" என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள் சோடா சிரித்துவிட்டாள்.

அவள்மேல் பெரிய தப்பில்லை. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் 'ஓடாதே' என்று ஒரு பலகை தொங்கியது. அதற்கு நேர் கீழே, ஓட்டக் காலணி மாட்டிய நான்கு பெண்பிள்ளைகள், எதையோ பறிகொடுத்த முகத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பும் பாவமும் சேர்ந்து வந்தால் சோடாவுக்குச் சிரிப்புதான் முந்திக்கொள்ளும். மூடி திறந்த சோடா மாதிரி பொங்குகிறாளே என்றுதான் வீட்டில் அந்தப் பெயரை வைத்தார்கள். வயது நாற்பத்திரண்டு ஆகியும் பெயரும் போகவில்லை, பொங்குவதும் நிற்கவில்லை.

அண்ணிக்கு வெளியில் முத்திரையம்மா என்று பெயர். இருபத்தாறு வருஷம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தவர். முகவரியில் ஓர் எழுத்து காலை வாரினாலும் அந்தக் கடிதம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற மறுநாளே வாசலில் 'தொலைந்தவை கண்டுபிடித்துத் தரப்படும்' என்று பலகை மாட்டினார். துணைக்கு நாத்தனார். மூளை அண்ணிக்கு, வாய் நாத்தனாருக்கு என்று அன்றைக்கே பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. அந்த அம்மாள் உடையில் ஒரு சுருக்கம் கிடையாது. சுருக்கமெல்லாம் பேச்சில்தான்.

"ஒரு படம் காணோம். நாலு மணிக்குள்ள வேணும்."

"என்ன படம் மேடம்?" என்றார் முத்திரையம்மா.

"தொடர் ஓட்டப் பந்தயம். கடைசி அடியில எங்க பொண்ணும் எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பொண்ணும் ஒண்ணா வந்தாங்க. பதக்கத்தை அவங்களுக்குக் குடுத்துட்டாங்க. எங்க பொண்ணு முந்தினதுக்குப் படம் இருக்குன்னு மேல்முறையீடு போட்டோம். படம் இருக்கிற இணைய முகவரியையும் மனுவுல எழுதினோம். போட்டிக் குழு இன்னைக்கு நாலு மணிக்கு அந்த முகவரியைத் திறந்து பார்க்கும். புதன்கிழமையிலிருந்து அதைத் திறந்தா இதுதான் வருது."

கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். அதில் தலைமையாசிரியையே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே: 'தாங்கள் தேடியது இங்கே இல்லை. எங்கள் பள்ளி தங்களை அன்புடன் வரவேற்கிறது.'

சோடா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, வலித்தது.

"படம் வேற யார்கிட்டயும் இல்லையா?"

"இருந்தாலும் செல்லாது. மனுவுல எழுதின முகவரியில இருந்தாத்தான் ஏத்துப்பாங்க. தனியா அனுப்பினா கை வெச்சுத் திருத்தினதுன்னு தள்ளிடுவாங்க." தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார். "அழிச்சது யாருன்னு எனக்குத் தெரியும். பி.டி. மாஸ்டர். பரீட்சை வருதேன்னு திங்கட்கிழமை அவரோட பீரியடை எல்லாம் எடுத்துக் கணக்குக்குக் குடுத்தேன். புதன்கிழமை படம் காணாமப் போச்சு. அன்னைக்கு மத்தியானம் அவர் சர்வர் ரூமிலிருந்து வெளிய வந்ததை எழுத்தர் பார்த்திருக்கார். நீங்க நிரூபிச்சுக் குடுங்க. நாளையிலேர்ந்து அவர் இந்த வாசல் பக்கம் வர வேண்டியதில்லை."

இந்தப் பேச்சுக்கு நடுவில் சோடா தன் செல்போனில் பள்ளியின் இணையதளத்தை மேய்ந்துகொண்டிருந்தாள்.

"மேடம், உங்க பள்ளிக்கூடத்துல வருஷத்துக்குப் பதிமூணு மாசமா?"

"என்னது?"

"பரீட்சை சீம்பர் பன்னண்டாம் தேதின்னு போட்டிருக்கே."

காட்டினாள். நாட்காட்டிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் SEEMBER என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் ஓட்ட அணியின் தலைவி படத்துக்குக் கீழே CAAIN.

"காயின்! பாவம், பொண்ணைச் சில்லறையா மாத்திட்டாங்க" என்று சோடா பொங்கினாள்.

"அச்சுப்பிழை" என்றார் தலைமையாசிரியை. "எழுத்தர்கிட்ட சொல்றேன். இப்ப அதுவா முக்கியம்?"

முத்திரையம்மா அந்தத் திரையை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார்.

*

சர்வர் ரூம் என்று பெயர்தான் பெரிது. பந்து, வலை, பாய், கயிறு எல்லாம் அடைத்த சாமான் அறை அது. மூலையில், கிழிந்த வலைக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அதுதான் சர்வர். அதன் பக்கத்தில், மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தர் நின்றார். உயரம், ஒல்லி, வளைவே இல்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரூல்தடி. பாய் அடுக்கின்மேல் பி.டி. மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில். கையில் எந்தப் பெண் எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்று கோடு போட்ட தாள். அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"மாஸ்டர், புதன்கிழமை இங்க என்ன பண்ணீங்க?" என்றார் முத்திரையம்மா.

"பந்துக்குக் காத்தடிச்சேம்மா. இந்த ரூமுக்கே ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்தான். பெட்டியோட ஒயரைப் பிடுங்கினேன், காத்தடிச்சேன், திரும்பச் சொருகினேன். அது மறுபடி முனக ஆரம்பிச்சுது. போயிட்டேன்."

"அண்ணி, ஒத்துக்கிட்டார்" என்றாள் சோடா. "இவ்வளவு சீக்கிரமா ஒத்துக்கிட்டா நம்ம பொழைப்பு என்ன ஆகுறது? மாஸ்டர், கொஞ்சம் மறுத்துப் பேசக் கூடாதா?"

"படத்துல நான் கையே வெக்கலைம்மா" என்றார் மாஸ்டர். குரல் உடைந்தது. "அந்த நாலு பொண்ணுங்களையும் விடிகாலையில எழுப்பி ஆறு மாசம் ஓட விட்டவன் நான். அந்தப் படத்தை நான் அழிப்பேனா?"

சோடாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதல்ல.

முத்திரையம்மா எழுத்தர் பக்கம் திரும்பினார். "சார், நான் தபால்காரி. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இந்தப் பெட்டிக்கு ஒரு முகவரி வந்தா உள்ள என்ன நடக்கும்?"

எழுத்தர் தொண்டையைச் செருமினார். விதிகளைப் பற்றிக் கேட்டால் அவருக்கு முகமே மலர்ந்துவிடும். "உள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. முதல் ஆள் ரீரைட். வாசல்ல உட்கார்ந்து முகவரியைத் திருத்தி எழுதுவார். நம்ம மனுவுல இருக்கிற மாதிரி 'ஓட்டம்/4'னு சின்னதா வந்தா, 'படம்/ஓட்டம்/4'னு மாத்துவார். ரெண்டாவது ஆள் ஏலியாஸ்."

"ஏலியாஸா?" சோடா நிமிர்ந்தாள். "போலீஸ் நோட்டீசுல வருமே, குட்டையன் என்கிற நெட்டையன், அதுவா?"

"அதேதாங்க. 'படம்' என்கிற பெரிய டிஸ்க். படங்கள் எல்லாம் பள்ளிக்கூட ஃபோல்டர்ல கிடையாது. அதுல இடம் போதாதுன்னு தனியா இன்னொரு டிஸ்க்ல வெச்சிருக்கோம். 'படம்'னு ஆரம்பிக்கிற முகவரி எது வந்தாலும், ஏலியாஸ் அதைப் பார்த்து அந்தப் பெரிய டிஸ்குக்கு அனுப்புவார்."

"எது கிடைச்சுது, எது கிடைக்கலைன்னு பெட்டி எங்கயாவது எழுதி வைக்குமா?"

"லாக்னு ஒரு குறிப்பேடு இருக்கு." எழுத்தர் திறந்தார். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து ஒரே வரி, பத்து, இருபது, முப்பது தடவை:

பள்ளி/படம்/ஓட்டம்/4: அப்படி ஒன்று இல்லை.

முத்திரையம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு அதைப் படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். அண்ணியின் வலது கைக் கட்டைவிரல், முத்திரை குத்துகிற மாதிரி மேசையில் 'டொக்' என்று விழுந்தது. சோடா அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள். அது விழுந்தால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"சோடா, வாசல்காரர் முகவரியை ஒழுங்காத் திருத்தியிருக்கார், பார்த்தியா? 'ஓட்டம்'னு வந்தது 'படம்/ஓட்டம்'னு ஆயிருக்கு. ஆனா தேடின இடம் பெரிய டிஸ்க் இல்லை, பள்ளி ஃபோல்டர். வேற வீட்டுக் கதவைத் தட்டிட்டு 'ஆள் இல்லை'ன்னு திருப்பியிருக்காங்க."

"அப்போ ஆளு?"

"'ஆள் இல்லை'ன்னு முத்திரை விழுந்தா ஆள் செத்துட்டார்னு அர்த்தமா? சார், வாசல்காரர் திருத்தி எழுதற முகவரியை நானே எழுதிக் குடுத்தா அவருக்கு வேலை இருக்காதில்ல? நேரா ஏலியாஸ்கிட்டதானே போகும்?"

எழுத்தர் யோசித்தார். "போகணும்."

முத்திரையம்மா 'படம்/ஓட்டம்/4' என்று ஒற்றை விரலால் தட்டினார்.

திரை மேலிருந்து கீழாக நிறைந்தது. வானம். கொடிகள். முடிவுக் கோட்டின் ரிப்பன். ரிப்பனுக்கு நடுவில், நெஞ்சை முன்னால் தள்ளி, கண்ணை இறுக மூடி, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த நால்வரில் ஒருத்தி. எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒரு சாண் பின்னால்.

"இருக்கு!" மாஸ்டர் எழுந்த வேகத்தில் பாய் அடுக்கு சரிந்தது. விசிலை ஊதியே விட்டார். நாலு சுவருக்குள் அது இடிமாதிரி கேட்டது.

முத்திரையம்மா மட்டும் ரிப்பனைப் பார்க்கவில்லை. படத்தின் வலது ஓரத்தில் எதையோ உற்றுப் பார்த்தார். அவர் உதடு லேசாகத் துடித்தது.

"அண்ணி, நீங்க சிரிக்கிறீங்களா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"சும்மா இருடீ. மணி என்ன?"

மூன்று இருபத்தைந்து. படம் உயிரோடு இருந்தது. ஆனால் குழுவின் கையில் இருந்த மனுவில் பழைய முகவரிதான் எழுதியிருந்தது. அதைத் திறந்தால் இன்னமும் தலைமையாசிரியைதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாசல்காரருக்கு எழுதி வெச்ச விதியைக் காட்டுங்க."

எழுத்தர் காட்டினார். ஒரே வரி. "பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார் பெருமையாக.

"இதை முதல்ல எழுதினவர் யாரு?"

"வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து அமைச்சுக் குடுத்தார். போகும்போது இதையெல்லாம் அச்சடிச்சு ஒரு தாள் குடுத்துட்டுப் போனார். அதைக் கோப்புலதான் வெச்சிருந்தேன். ஒரு பக்கம் வெறுமையா இருக்கிற தாள் எதையும் இந்த மாஸ்டர் விட்டு வைக்க மாட்டார்."

மூன்று பேர் பார்வையும் மாஸ்டர் கையிலிருந்த தாளுக்குப் போயிற்று. மாஸ்டரும் தன் கையை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். சோடா அதைப் பிடுங்கித் திருப்பினாள். இந்தப் பக்கம் நான்கு பெண்களின் ஓட்டத் தடம். அந்தப் பக்கம் அச்சடித்த விதிகள்.

திரையில் இருந்த அதே வரி. ஆனால் தாளில் இருந்த வரிக்கு ஒரு வால் இருந்தது. சதுர அடைப்புக்குறிக்குள் [PT]. பக்கத்தில் பென்சிலால் யாரோ சிறியதாக எழுதியிருந்தார்கள்: 'PT = கடத்து'.

"கடத்தலா!" சோடா இரண்டு கையையும் தட்டினாள். "அண்ணி! இத்தனை வருஷமா காணாமப் போன குடையும் மூக்குக்கண்ணாடியும் தேடித் தேடிக் களைச்சுப்போனோம். நமக்கும் ஒரு கடத்தல் கேஸ் வந்துடுச்சு!"

"அந்தக் கடத்தல் இல்லைடீ. கைமாத்தி விடறது." முத்திரையம்மா தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். "தபால் ஆபீசுல ஒரு கடிதத்துல முகவரியைத் திருத்தினா, திருத்தினவங்களே எடுத்துட்டு ஓட மாட்டாங்க. மறுபடி பிரிக்கிற மேசையில போடுவாங்க. அங்க இருக்கிறவங்க எந்த அறைன்னு பார்த்துப் போடுவாங்க. இந்த வாசல்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை. திருத்தின கையோட தானே எடுத்துட்டுப் பள்ளி ஃபோல்டருக்குப் போயிடுவார். 'அடுத்த ஆள்கிட்ட கடத்து'ன்னு இந்த ரெண்டு எழுத்து சொன்னாத்தான் ஏலியாஸ் மேசைக்கு வரும். ரெண்டெழுத்தையும் யாரோ எடுத்துட்டாங்க. ஏலியாஸ் பாவம், புதன்கிழமையிலிருந்து வேலையில்லாம உட்கார்ந்திருக்கார்."

"மாஸ்டர் மாதிரி" என்று சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்" என்றும் சேர்த்துக்கொண்டாள் சோடா.

"யாரு எடுத்திருப்பாங்க?" என்றார் மாஸ்டர்.

"நீங்க இல்லை. ஒயரைப் பிடுங்கத் தெரிஞ்சவருக்கு எழுத்தைப் பிடுங்க எதுக்கு இவ்வளவு நுணுக்கம்?" முத்திரையம்மா நாத்தனார் பக்கம் திரும்பினார். "சோடா, செப்டம்பரை இங்கிலீஷ்ல எழுத்துக் கூட்டிச் சொல்லு."

சோடா விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள். எஸ், ஈ, பி, டி...

நிறுத்தினாள். செல்போனை எடுத்தாள். SEEMBER. CAAIN. விருந்தினரை வரவேற்கும் RECEPTION கூட அங்கே RECEION என்று பல் போய் நின்றது.

"பி.டி.! அண்ணி, எல்லாத்துலயும் பி.டி. போயிடுச்சு! கேப்டனுக்குள்ள இருந்த பி.டி. போயிடுச்சு! ஐயோ, மாசத்துக்குள்ள இருந்த பி.டி.யைக்கூட..." அதற்குமேல் பேச முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே பந்துக் கூடையில் உட்கார்ந்துவிட்டாள். கூடையில் இருந்த பந்துகள் நாலாபக்கமும் ஓடின.

"சார்" என்றார் முத்திரையம்மா மெதுவாக, எழுத்தரைப் பார்த்து. "நீங்கதானே?"

மறுப்பார், முகம் கறுப்பார் என்று சோடா எதிர்பார்த்தாள். எழுத்தருக்கு முகம் பிரகாசமாயிற்று.

"நான்தாங்க! நூத்திப் பதினாலு இடம். ஒண்ணு விடலை." கையிடுக்கிலிருந்த கோப்பைத் திறந்தார். "திங்கட்கிழமை ஆர்டர். 'இணையதளத்திலும் அதைச் சார்ந்த எல்லாக் கோப்புகளிலும் PT என்பதே இருக்கக் கூடாது. உடனடியாக நீக்கவும்.' பெரிய எழுத்துல எங்கெங்க இருந்துதோ எல்லாம் நீக்கியாச்சு. இந்த வரியில அது போனப்புறம் வெறும் அடைப்புக்குறி நின்னுது. பார்க்க நல்லா இல்லை. அதையும் எடுத்தேன்."

"திங்கட்கிழமை எடுத்தது புதன்கிழமை எப்படி வேலை செஞ்சுது?" என்று கேட்டாள் சோடா, பந்துகளுக்கு நடுவிலிருந்து.

"பெட்டி எழுந்திருக்கும்போதுதான் இந்தக் கோப்பைப் படிக்கும்."

"நான்தானே அதைத் தூங்க வெச்சு எழுப்பினேன்" என்றார் மாஸ்டர் தலையில் கை வைத்து.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தலைமையாசிரியை. "மூணே முக்கால் ஆச்சு. ஆள் அகப்பட்டாரா?"

"அகப்பட்டார் மேடம்" என்றாள் சோடா. "கையெழுத்தோட." ஆர்டரை நீட்டினாள். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

முத்திரையம்மா நான்கே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். தலைமையாசிரியை தன் கையெழுத்தைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார், அது ஒன்றுதான் அவரைத் திருப்பிப் பார்க்காமல் இருந்தது.

"சரி. அந்த ரெண்டு எழுத்தைப் போடுங்க" என்றார் எழுத்தரிடம்.

எழுத்தர் அசையவில்லை. "ஆர்டர் வேணும் மேடம்."

"அதான் சொல்றேனே!"

"வாயால சொல்றதுக்குக் கோப்பு எண் கிடையாதுங்களே. 'இருக்கக் கூடாது'ன்னு எழுத்துல இருக்கு. எழுத்துல வந்தாத்தான் சேர்க்க முடியும்."

மூன்று ஐம்பது. தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். 'PT மீண்டும்' என்று எழுதினார்.

"எங்கன்னு குறிப்பிடணும்" என்றார் எழுத்தர். "சர்வர்ல மட்டுமா? எடுத்த எல்லா இடத்துலயுமா? கால அட்டவணையும் அதுல இருக்கு."

பேனா நின்றது. மாஸ்டர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சர்வரில் மட்டும் என்று எழுதினால் பதக்கம் வந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஓட ஒரு பீரியட் வராது.

"மேடம்" என்றார் முத்திரையம்மா. "எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இந்தப் படத்தைப் பாருங்க. நடுவுல இல்லை. வலது ஓரம்."

தலைமையாசிரியை குனிந்தார்.

படத்தின் வலது ஓரத்தில், கூட்டத்துக்கு முன்னால், ஓர் அம்மாள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே இருந்தார். வாய் காது வரை திறந்திருந்தது. ஒரு கையில் ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தது. உடை முழுக்கச் சுருக்கம்.

மூக்கு திரையில் முட்டும்வரை இன்னும் குனிந்தார்.

"இது நானா?" என்றார் தலைமையாசிரியை.

"குதிச்சீங்க மேடம்" என்றார் மாஸ்டர் மெதுவாக. "மூணு தடவை. ஒரு செருப்பை நான்தான் தேடிக் கொண்டாந்து குடுத்தேன்."

தலைமையாசிரியையின் காது இரண்டும் சிவந்தன. பேனா மறுபடி ஓடியது. 'PT மீண்டும், எடுத்த எல்லா இடங்களிலும் உடனடியாகச் சேர்க்கப்பட வேண்டும்.' கையெழுத்து, தேதி. கேட்காமலே நேரத்தையும் போட்டார்: 3.53.

எழுத்தர் சர்வர் வரியில் அடைப்புக்குறி, பி, டி, அடைப்புக்குறி என்று தட்டினார். "இனி முறைப்படி நிறுத்தி, முறைப்படி எழுப்பணும். எட்டு நிமிஷம் ஆகும்."

"எட்டு நிமிஷமா?" தலைமையாசிரியை திரும்பினார். "மாஸ்டர்! பிடுங்குங்க!"

எழுத்தர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாஸ்டர் ஒரே தாவல். ஒயர் கையோடு வந்தது. முனகல் நின்றது. சோடா ஐந்து வரை எண்ணினாள். திரும்பச் சொருகியதும் பெட்டி ஒரு தடவை இருமிவிட்டு முனகத் தொடங்கியது.

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு சோடா தன் செல்போனில் 'ஓட்டம்/4' என்று தட்டினாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியையின் வரவேற்புச் சிரிப்பு எங்கே வந்து தொலைக்குமோ என்று ஐந்து பேரும் பயந்தார்கள், அதில் ஒருவர் தலைமையாசிரியை.

வானம் வந்தது. கொடிகள் வந்தன. ரிப்பன் வந்தது.

நாலு மணி அடித்து ஆறாவது நிமிஷம் தலைமையாசிரியையின் செல்போன் ஒலித்தது. எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"படம் பார்த்தோம்" என்றது குழுத் தலைவரின் குரல். "சந்தேகமே இல்லை. பதக்கம் உங்க பிள்ளைங்களுக்குத்தான். ஆனா ஒரு கேள்வி. வலது ஓரத்துல பறக்கிறது யாரு? அவங்க நீளம் தாண்டற போட்டியில பேர் குடுத்திருக்காங்களா?"

சோடாவை இனி யாராலும் அடக்க முடியாது. அதிசயம் என்னவென்றால், முதலில் வெடித்துச் சிரித்தது அவள் அல்ல. சுருக்கமில்லாத உடை குலுங்கக் குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு, தலைமையாசிரியைதான்.

மாஸ்டர் கதவைத் திறந்து விசிலை ஊதினார். அந்த ஊதலின் நீளத்திலேயே பிள்ளைகளுக்குச் செய்தி போய்விட்டது. நான்கு ஜோடிக் காலணிகள் தாழ்வாரத்தைப் பிளந்துகொண்டு வந்தன.

"பிள்ளைங்களா!" என்று தலைமையாசிரியை விரலை உயர்த்தினார். பலகையைப் பார்த்தார். விரல் தானாக மடங்கியது. "பார்த்து ஓடுங்க."

பின்னால் எழுத்தர் கால அட்டவணையைத் திறந்து, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இருந்து கணக்கை எடுத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். இன்னும் நூற்றுப் பன்னிரண்டு இடம் பாக்கி.

"அண்ணி" என்றாள் சோடா, வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கடத்தினதுக்குத்தான் எல்லாரும் கேஸ் போடுவாங்க. கடத்தாம விட்டதுக்கு ஒரு கேஸ் நம்ம கிட்டதான் வருது."

முத்திரையம்மாவின் உதடு மறுபடி துடித்தது. இந்தத் தடவை அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.